மேஸ்திரியோடு இஸ்தான்புல்: சென்டரிங் இல்லாமல் எழுந்த கூரைகள்

அக்டோபர் 13, ஞாயிறு

இறங்கும்போதே மழை. விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சிக்காரர் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு 1,800 லிரா வாங்கிக்கொண்டார். ஒரு லிரா அப்போது நம் காசில் சுமார் இரண்டரை ரூபாய். விடுதி வரவேற்பில் இருந்த பையன் தொகையைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டு, ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கவே கூடாது என்றான். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் காசு வாங்காமல் தேநீர் கொண்டுவந்து வைத்தான். பாலில்லாத தேநீர், சின்னக் கண்ணாடி டம்ளரில். மேஸ்திரி மூன்று சர்க்கரைக் கட்டி போட்டுக் குடித்தார்.

இந்தப் பயணம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். நான் திண்டிவனம், புதுச்சேரிப் பக்கம் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் வீடு கட்டித் தருகிறவள். மேஸ்திரி பல வருடமாக என்னோடு வேலை செய்கிறார். சென்டரிங் அடிக்காமல், பலகையோ முட்டோ இல்லாமல் வளைகூரை கட்டுவதை இரண்டு பேருமே ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில்தான் கற்றுக்கொண்டோம். எகிப்தின் நூபியா பகுதியில் மண்கல்லை வைத்துக் காலங்காலமாகக் கட்டிவரும் முறை அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வித்தையைச் சுட்ட செங்கல்லில் மிகப் பெரிதாகச் செய்து பார்த்தவர்கள் பைசாண்டிய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், கொத்தனார்கள். அவர்களுடைய தலைநகரம் இந்த ஊர்தான், அப்போது பெயர் கான்ஸ்டான்டினோபிள். படங்களைக் காட்டினேன். மேஸ்திரிக்குப் போதவில்லை. "படத்துல என்னம்மா தெரியும். கல்லு வரி எப்படி ஓடுதுன்னு அண்ணாந்து பாக்கணும்" என்றார். அதனால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இது அவருடைய முதல் விமானப் பயணம். பையில் துணியைவிட எலுமிச்சை ஊறுகாய்தான் அதிகம்.

சாயங்காலம் மழை விட்டதும் சுல்தானாமெத் சதுக்கத்தில் நடந்தோம். எள் தூவிய சிமித் ரொட்டி 15 லிரா. தெருமுனைக் கடையில் பருப்பு சூப் கிடைத்தது. எலுமிச்சை பிழிந்து ஒரு வாய் குடித்ததும்தான் மேஸ்திரியின் முகம் தெளிந்தது.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் ஷெரெஃபியே நீர்த்தொட்டி. 5ஆம் நூற்றாண்டில், பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் கட்டப்பட்டது. 32 தூண்கள். தூண்களுக்கு இடையே ஒவ்வொரு சதுரத்துக்கும் தனித்தனியாக ஒரு செங்கல் கூரை, மொத்தம் 45 கட்டங்கள். உள்ளே ஒளிக்காட்சி நடத்துகிறார்கள். சுவரெல்லாம் வண்ணம் ஓட, இசை அதிர, கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நின்றது. எங்களுக்குத் தேவை கூரை. காட்சி முடிந்து சாதாரண விளக்கு எரிந்த கொஞ்ச நேரம்தான் எங்கள் நேரம்.

மேஸ்திரி ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மேலே பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். "நாலு ஓரத்துலயும் ஆரம்பிச்சு உள்ள வந்திருக்கான் பாருங்க. நடுவுல வந்து மூடியிருக்கான். கீழ பலகை இருந்தா எதுக்கு இப்படிச் சுத்தி வரணும்? நேரா அடுக்கிட்டுப் போயிருப்பானே."

அவர் சொன்னதுதான் விஷயத்தின் மையம். 1883இல் ஓகுஸ்த் ஷ்வாஸி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், இந்தச் செங்கல் வரிகள் ஓடும் திசையை வைத்தே இந்தக் கூரைகள் சென்டரிங் இல்லாமல் எழுந்தவை என்று வாதிட்டார். வளைகூரையைக் கட்டும் வழக்கமான முறையில் முதலில் மரத்தில் வளைவாக ஒரு அச்சு செய்து, அதன்மேல் கல்லை அடுக்கி, இறுகிய பிறகு அச்சை உருவுவார்கள். கூரையைப் போலவே இன்னொரு கூரையை மரத்தில் செய்தாக வேண்டும். பைசாண்டியக் கொத்தனார் அதைத் தவிர்த்தார். முதலில் கடைக்கோடிச் சுவரை எழுப்பினார். செங்கலைப் படுக்கவைக்காமல் குத்தலாக நிறுத்தி, அகன்ற முகத்தில் காரை பூசி, அந்தச் சுவரின்மேல் கொஞ்சம் சாய்த்து ஒட்டினார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒட்டிக்கொண்டே போய் உச்சியில் சேர்த்தால் ஒரு வளையம் முடிந்தது. முடிந்த வளையம் ஒரு முழு ஆர்ச். அது இனிமேல் தானே நிற்கும். அடுத்த வளையம் அதன்மேல் சாயும், அதற்கடுத்தது இதன்மேல். சமையலறைச் சுவரோரம் தாம்பாளங்களைச் சாய்த்து வைத்தால் ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்து நிற்குமே, கூரையின் நீளம் முழுவதும் அப்படித்தான். வளைவு கோணாமல் இருக்க ஒரு கயிறோ லேசான ஒரு சட்டமோ போதும்.

இந்த முறை பைசாண்டியர்கள் கண்டுபிடித்ததல்ல. எகிப்தில் இரண்டாம் ராமசேஸின் கோயிலை ஒட்டிய மண்கல் களஞ்சியங்கள் மூவாயிரம் வருடத்துக்கும் மேலாக இப்படித்தான் நிற்கின்றன. பாக்தாதுக்கு அருகே டெசிஃபோனில் பழைய பாரசீகத்தை ஆண்ட சசானியர்கள் சுமார் 25 மீட்டர் அகலத்துக்கு இதே சாய்வு வளையங்களை எழுப்பினார்கள். ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் 2ஆம் நூற்றாண்டிலேயே சுட்ட செங்கல்லில் இது வந்துவிட்டது. இத்தாலியில் எரிமலைச் சாம்பல் கிடைத்தது, அதனால் அங்கே மர அச்சு போட்டுக் கான்கிரீட் கொட்டினார்கள். இங்கே கிடைத்தது செங்கலும் சுண்ணாம்பும்.

அடுத்து யெரெபாத்தான், 6ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துப் பெரிய நீர்த்தொட்டி. 336 தூண்கள், 138 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம். நுழைவுச் சீட்டின் விலை என்னை உலுக்கிவிட்டது, அதைச் சொல்லி மேஸ்திரியை வருத்தவில்லை. உள்ளே கூட்டம் முழுக்க, தலைகீழாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இருக்கும் மெடூசா சிலைத் தலைகளுக்கு முன்னால். நாங்கள் அதற்கு நேர்மாறாக அண்ணாந்துகொண்டே நடந்ததில் ஒரு ஜெர்மன் அம்மாள் மேல் இடித்துவிட்டோம். அவர் சிரித்துவிட்டு, நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று கேட்டார். சைகையில் சொன்னேன். அவரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். தூண்களுக்கு இடையே புதிதாக மெல்லிய எஃகுக் கம்பிகள் கட்டியிருக்கிறார்கள். 2022இல் முடிந்த சீரமைப்பில் நிலநடுக்கத்துக்காகப் போட்டவை. மேஸ்திரிக்கு அந்தக் கம்பிகள் பிடித்திருந்தன. "கல்லுல கை வைக்காம செஞ்சிருக்கான்" என்றார்.

மத்தியானம் மறுபடி தூறல். கடலோரமாக இறங்கிக் கூச்சுக் அயா சோஃபியாவுக்குப் போனோம். செர்கியஸ், பாக்கஸ் என்ற இரண்டு படைவீரப் புனிதர்களின் பெயரில் ஜஸ்டினியன் ஆட்சியின் தொடக்கத்தில் கட்டிய தேவாலயம், இப்போது மசூதி. நுழைவுக் கட்டணம் கிடையாது. குவிமாடம் பதினாறு துண்டுகளாக இருக்கிறது, ஒரு துண்டு தட்டை, அடுத்தது குழிவு, மறுபடி தட்டை. வெளியே பழைய சுவரில் ஒரு செங்கல் முழுதாகத் தெரிந்த இடத்தில் மேஸ்திரி டேப்பை எடுத்தார். பதினாலே முக்கால் அங்குலம் சதுரம். கனம் ஒன்றே முக்கால்தான். காரைச் சந்தும் கிட்டத்தட்ட அதே கனம், சில இடத்தில் கூடுதல்.

அவர் அந்தச் செங்கலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதாம்மா ரகசியம். அகலம் பெருசு, கனம் கம்மி. ஒட்டுற முகம் அவ்வளவு இருக்கு, தூக்குற பாரம் இவ்வளவுதான். நம்ம மூணு அங்குலக் கல்லு வழுக்கிடும்." காரை இறுகும்வரை சாய்வான செங்கலை இழுத்துப் பிடிப்பது ஒட்டும் பரப்பு. கீழே இழுப்பது எடை. ஒன்றைப் பெருக்கி மற்றதைக் குறைத்துச் சூளையில் சுட்டிருக்கிறார்கள். இதை நான் படித்துமிருக்கிறேன், ஆனால் டேப்பும் கையுமாக ஒருவர் சொல்லும்போதுதான் முழுக்கப் புரிந்தது.

மசூதி முற்றத்தில் தேநீர் 40 லிரா. காலணி முழுக்க ஈரம்.

அக்டோபர் 15, செவ்வாய்

அயா சோஃபியா. ஜஸ்டினியன் கட்டிய பெரிய தேவாலயம், இப்போது மசூதி. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு 25 யூரோ, மேல்மாடத்துக்கு மட்டும்தான் அனுமதி. கீழ்த்தளம் தொழுகைக்கு. என்னுடைய துப்பட்டாவே தலையை மூடப் போதுமாக இருந்தது. மேஸ்திரி சீட்டை வாங்கிப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். "ரெண்டு நாள் கூலி." வரிசை நீளம், குளிர்காற்று. முன்னால் நின்ற இந்தோனேசியக் குடும்பம் எங்களுக்கு வறுத்த வேர்க்கடலை கொடுத்தது.

மாடத்துக்குப் படி கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம். பூச்சு உதிர்ந்த இடங்களில் தலைக்கு மேலே செங்கல் தெரிகிறது. மேஸ்திரி அங்கேயே நின்றுவிட்டார், பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு மாடம். நான் எவ்வளவோ படம் பார்த்திருக்கிறேன், எதுவும் உதவவில்லை. 55 மீட்டர் உயரத்தில், சுமார் 31 மீட்டர் அகலத்துக்கு ஒரு செங்கல் குவிமாடம், அடியில் சுற்றிலும் 40 ஜன்னல்கள். நான்கு பெரிய ஆர்ச்சுகள், அவற்றின் இடுக்குகளில் வளைந்த முக்கோணங்களாக நான்கு பெண்டென்டிவ்கள், அதன்மேல் குவிமாடம். சதுரத்தின்மேல் வட்டத்தை உட்காரவைக்கும் வேலையைச் செய்பவை அந்த முக்கோணங்கள்தான். கிழக்கிலும் மேற்கிலும் அரைக் குவிமாடங்கள் தோள் கொடுக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் அந்தத் தோள் இல்லை.

532 ஜனவரியில் நிகா கலவரத்தில் பழைய தேவாலயம் எரிந்தது. உடனே இதைத் தொடங்கி 537 டிசம்பர் 27இல் திறந்துவிட்டார்கள். ஆறு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. வடிவமைத்தவர்கள் டிராலஸ் ஊர் ஆந்தமியஸ், மிலேட்டஸ் ஊர் இசிடோர், இருவருமே கணிதம் தெரிந்தவர்கள். அக்கால வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் கட்டும்போது நடந்த இரண்டு சங்கடங்களை எழுதி வைத்திருக்கிறார். கிழக்கு ஆர்ச் பாதி எழுந்த நிலையில் அதன் தூண்கட்டுகள் வெடிக்க ஆரம்பித்தன. ஆர்ச்சை முடித்துவிடுங்கள், முடிந்தால் தன்னைத் தானே தாங்கும் என்றாராம் பேரரசர். இன்னொரு முறை, வடக்கு தெற்கு ஆர்ச்சுகள் கீழிருந்த கட்டுமானத்தை நசுக்கிச் சில்லுகள் உதிர்ந்தன. ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டிருந்த பகுதியை எடுத்துவிட்டு, ஈரம் காய்ந்த பிறகு திரும்பக் கட்டினார்கள்.

இதைச் சொன்னதும் மேஸ்திரி தலையை ஆட்டினார். "ஈரக் காரையில பாரம் ஏத்தினா நெளியத்தான் செய்யும். ராஜா அவசரப்பட்டிருக்காரு. கொத்தனாரு என்ன பண்ணுவான்."

அது உண்மைதான். இங்கே காரை என்பது சுண்ணாம்பும் செங்கல் தூளும், நம் ஊர் சுர்க்கிக் காரை. சுட்ட களிமண் தூளில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, தண்ணீர் பட்டாலும் கரையாத பிடிப்பைத் தருகின்றன. ஆனால் நிதானமாக. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும் காரை அது. இங்கே சந்து செங்கல் கனத்துக்கு இருப்பதால், சுவரில் பாதி காரைதான். அது முழுதாக இறுகுவதற்குள் மேலே ஏற ஏற, தூண்கட்டுகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டன. மாடத்தில் நின்று பார்த்தால் பளிங்குத் தூண்கள் வெளிநோக்கிச் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. மேஸ்திரி சாவியை ஒரு நூலில் கட்டித் தூக்குக் குண்டாகப் பிடித்துப் பார்த்தார். காவலர் ஒருவர் வேகமாக வந்தார். நூலையும் தூணையும் பார்த்தார். பிறகு தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்துப் போய்விட்டார்.

அடித்தளம் அகன்றுவிட்டதால் முதல் குவிமாடம் மட்டாக உட்கார்ந்திருந்தது. 553, 557 நிலநடுக்கங்களில் ஆட்டம் கண்டு, 558 மே 7இல் விழுந்தது. இசிடோரின் உறவினரான இளைய இசிடோர் அதைவிட ஆறேழு மீட்டர் உயர்த்திக் கட்டி 562இல் முடித்தார். குவிமாடம் உயர்ந்தால் வெளியே தள்ளும் விசை குறையும். ஆரோவில்லில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான். 989 நிலநடுக்கத்தில் மேற்குப் பக்கம் விழ, ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் திர்தாத் வந்து சரிசெய்தார். 1346இல் கிழக்குப் பக்கம் விழுந்தது. அதாவது இன்று மேலே இருப்பது மூன்று நூற்றாண்டுக் கொத்தனார்களின் வேலை சேர்ந்த ஒரே குவிமாடம். கூர்ந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட இடங்களில் விலாக்கோடுகள் லேசாக விலகுகின்றன.

ரோட்ஸ் தீவிலிருந்து பஞ்சுபோல் லேசான செங்கல் வரவழைத்தார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு, பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு சாதாரணச் செங்கல் எடையாம். எனக்கு அந்தக் கதையைவிட மேஸ்திரியின் டேப் கணக்கு உசத்தியாகப் படுகிறது. லேசாக இருந்தது மண் அல்ல, கனம்.

மத்தியானச் சாப்பாடு சுலைமானியே மசூதிக்கு எதிர் வரிசையில், வெள்ளைக் காராமணிக் குழம்பும் சோறும். அய்ரான் என்ற உப்பு மோர். இரண்டு பேருக்கும் சேர்த்து 520 லிரா. மேஸ்திரி ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். பரிமாறிய பெரியவர் கேட்டு வாங்கிச் சுவைத்து, கண்ணில் தண்ணீர் வர, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினார்.

அக்டோபர் 16, புதன்

மேஸ்திரிக்குக் கால் வீக்கம், எனக்குத் தொண்டை வலி. இந்த ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். மருந்துக் கடைக்காரப் பெண்மணி களிம்பு கொடுத்து, அதை எப்படித் தேய்க்க வேண்டும் என்று தானே குனிந்து காட்டினார். மேஸ்திரிக்குக் கூச்சமாகிவிட்டது.

மாலையில் அயா இரினி என்ற பழைய தேவாலயம் மட்டும். ஜஸ்டினியன் காலத்தில் எழுந்து, 740 நிலநடுக்கத்துக்குப் பிறகு மேற்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது. பிறகு ஊரைப் பிடித்த துருக்கிய ஓட்டோமான்கள் இதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். பலரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், உள்ளே பளபளப்பு எதுவும் இல்லை. எங்களுக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். பூச்சு போய்விட்டதால் செங்கல் அப்படியே நிற்கிறது. கிழக்கு மூலையில் தங்கப் பின்னணியில் ஒரே ஒரு சிலுவை, உருவங்களைத் தடைசெய்த காலத்து மொசைக். புறாக்களின் சத்தம். கட்டியவர்களின் வேலையை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் அயா சோஃபியாவுக்கு முன்பே இங்கே வாருங்கள் என்று யாருக்கும் சொல்வேன். ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், மூடும் நேரம் என்று எழுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

வெயில்! ஸெய்ரெக் மேட்டுக்கு ஏறினோம். பன்டோக்ராட்டர் மடாலயம், 1118இலிருந்து 1136க்குள் இரண்டாம் யோவான் பேரரசரும் ஹங்கேரியிலிருந்து வந்த அரசி ஐரீனும் கட்டியது. மூன்று தேவாலயங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இப்போது மசூதி. தொழுகை முடியும்வரை வெளியே காத்திருந்து, பிறகு உள்ளே போனோம்.

வெளிச்சுவரில் ஒரு விசேஷம். காரைச் சந்து செங்கலைவிட மூன்று மடங்கு அகலமாகத் தெரிகிறது. மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார், "இவ்வளவு காரை போட்டா எப்படி நிக்கும்". பிறகு காரை உதிர்ந்த ஒரு மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்து, என்னை அவசரமாகக் கூப்பிட்டார். உள்ளே ஒரு செங்கல் வரி ஒளிந்திருக்கிறது. ஒரு வரி வெளியே, அடுத்த வரி சில அங்குலம் உள்ளே தள்ளி, அதன்மேல் காரை பூசி மூடிவிடுவது. 10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்தத் தலைநகரத்துக் கொத்தனார்கள் இதை நிறையக் கையாண்டார்கள். நான் சொல்லாமலே அவர் கண்டுபிடித்ததில் எனக்குத்தான் அதிகப் பெருமை.

கீழே இறங்கும் சந்தில் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலில் செங்கல் குவியல். மேஸ்திரி தயங்காமல் உள்ளே போய்விட்டார். அடுப்புக் கொத்தனார் மேஸ்திரி வயதுதான் இருப்பார், வெள்ளை மீசை. ஈர மணலை மேடாகக் குவித்துத் தட்டி, அதன்மேல் அடுப்பின் தாழ்ந்த கூரையை அடுக்கிக்கொண்டிருந்தார். கூரை இறுகிய பிறகு மணலை வாய் வழியாகச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அதுவும் சென்டரிங்தான், மரத்துக்குப் பதில் மணல். மேஸ்திரி மணலைச் சுட்டிக் கையை ஆட்டி, "இது வேணாம்" என்று தமிழிலேயே சொன்னார். அவர் புருவத்தை உயர்த்திக் கரணையை நீட்டினார்.

பின்சுவரில் மேஸ்திரி கைவிரலால் ஒரு வளைவு போட்டார். காரையைத் தொட்டு, பிசைந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். கிடைத்தவற்றில் மெல்லிய செங்கல்களைப் பொறுக்கி எடுத்து நனைத்து, ஒவ்வொன்றையும் சுவரில் வைத்து அழுத்தி, இலேசாக அசைத்து, பிடிப்பு வந்ததும் விட்டார். அரைமணி நேரத்தில் ஒரு முழு வளையம் மூடியது. கடைசிச் செங்கலைத் தட்டிச் செருகியபோது கடைக்காரப் பையன்கள் கைதட்டினார்கள். வெள்ளை மீசைக்காரர் தட்டவில்லை. வளையத்தின் உச்சியில் உள்ளங்கையை வைத்துத் தன் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் மேஸ்திரியின் கரணை பிடித்த கையை எடுத்து இரண்டு கையாலும் குலுக்கினார். தேநீர் வந்தது, சுடச்சுட ரொட்டி பக்கத்துக் கடையிலிருந்து வந்தது, காசு கொடுக்க விடவில்லை. அடுப்பு என்னவோ மணலில்தான் முடிந்தது. தாழ்ந்த அடுப்புக் கூரைக்கு மணல்தான் சரி என்று மேஸ்திரியும் பிறகு ஒப்புக்கொண்டார்.

இரவு வாலென்ஸ் நீர்ப்பாலத்துக்குப் பக்கத்து மகளிர் சந்தையில் சாப்பாடு. மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுட்ட கோழிச் சோறு, பெர்தே பிலாவ். உடைத்ததும் ஆவியோடு பாதாம் வாசனை. தட்டு 300 லிரா, இந்தப் பயணத்தில் மிகச் சரியாகச் செலவான பணம்.

அக்டோபர் 18, வெள்ளி

தியோடோசியஸின் நிலச்சுவர். 413இல் முடிந்தது, 447 நிலநடுக்கத்துக்குப் பிறகு அவசரமாகப் பழுதுபார்க்கப்பட்டது. கல் வரிசைகளுக்கு நடுவே பட்டையாகச் செங்கல் வரிகள். கல் முகத்துக்கு மட்டும்தான், உள்ளே கல்துண்டும் காரையும். செங்கல் பட்டையோ சுவரின் கனம் முழுவதும் ஊடுருவிப் போய் இரண்டு முகத்தையும் பிணைக்கிறது. அகழி இருந்த இடத்தில் இன்றும் கீரைத் தோட்டங்கள். களையெடுத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி எங்களுக்கு ஒரு கட்டு முள்ளங்கி கொடுத்து, மண்ணைக் கழுவக் குழாயையும் காட்டினாள்.

இடிந்த கோபுரம் ஒன்றில் நாங்கள் தேடிவந்தது கிடைத்தது. கூரை பாதி விழுந்து, மீதி பாதி வெட்டுமுகமாக நின்றது. சாய்ந்த வளையங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றின் விளிம்பும் தெளிவாக. சந்து மேல்பக்கம் அகலும் இடத்தில் செங்கல் சில்லைச் செருகியிருந்தார்கள். காரையில் செங்கல் துண்டுகள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. பாதி விழுந்தும் மீதி ஏன் நிற்கிறது என்பதற்கு விளக்கமே தேவையில்லை. ஒவ்வொரு வளையமும் தனித்தனி ஆர்ச். முன்னால் இருந்தவை விழலாம், பின்னால் இருப்பவை சுவர்மேல் சாய்ந்திருக்கின்றன. மரச் சென்டரிங்கில் படுக்கை வரிகளாகக் கட்டியிருந்தால் இப்படி வளையம் வளையமாகப் பிரிந்து நின்றிருக்காது.

மேஸ்திரி அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஆந்தமியஸ் பெயர் இருக்கிறது, இசிடோர் பெயர் இருக்கிறது. சில செங்கல்களில் சூளை முத்திரைகூட இருக்கிறது. இந்த வளையத்தை ஒட்டியவர் பெயர் எங்கேயும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்து, சாய்வு எவ்வளவு என்று அளக்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் கரக்கோய் பகுதியில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பெர்ஷெம்பே பஸாரி. மேஸ்திரி ஒரு மணி நேரம் கரணைகளைக் கையில் எடுத்துப் பார்த்து, 350 லிராவுக்கு ஒன்று வாங்கினார். வீட்டுக்கு இனிப்பு வாங்கினீர்களா என்று நான் கேட்டதும்தான் அவருக்குப் பக்லவா ஞாபகம் வந்தது.

அக்டோபர் 19, சனி

விமான நிலையத்தில் கைப்பையில் இருந்த கரணையைத் தடுத்துவிட்டார்கள். திரும்ப வரிசையில் நின்று அதற்காக ஒரு பெட்டியை ஏற்றிவிட வேண்டியதாயிற்று. மேஸ்திரி பெட்டி போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காத்திருந்த நேரத்தில் தை மாதம் தொடங்கப்போகும் வேலையைப் பற்றிப் பேசினோம். திண்டிவனத்துக்கு அருகே ஒரு வீடு, பின்பக்கம் பத்தடி அகலத்தில் நெல் போட்டுவைக்க ஒரு அறை. அதற்கு ஆர்.சி.சி. கூரைதான் வரைபடத்தில் இருக்கிறது. சுர்க்கிக் காரையில் குத்துச் செங்கல் வளையமாகப் போட்டால் என்ன என்று மேஸ்திரி கேட்டார். செங்கல்தான் பிரச்சினை. இப்போது எல்லாச் சூளையும் மூன்று அங்குலக் கனத்தில்தான் அறுக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு மரச்சட்டங்களுக்கு நடுவே குத்தலாக வைத்து அடைத்த அச்சிக்கல் மெல்லியதுதான், ஆனால் அளவு மிகச் சின்னது. எங்களுக்கு வேண்டியது ஒன்பதுக்கு ஒன்பது, கனம் ஒன்றரை. அந்த அளவில் பச்சைக்கல் காயும்போது வளையும், சூளையில் பாதி உடையும் என்பது என் பயம். மண்ணில் கொஞ்சம் மணல் கூட்டி, நிழலில் காயவைத்தால் வராது என்கிறார் அவர். அவருக்குத் தெரிந்த ஒரு சூளைக்காரர் செஞ்சிப் பக்கம் இருக்கிறார். ஐந்நூறு கல் மட்டும் முதலில் அறுத்துப் பார்க்கச் சொல்லி, திங்கட்கிழமை போய்ப் பேசப் போகிறோம்.